உடவத்தகெலேயில் ஓடப் போறீங்களா? அட்டையைக் கவனியுங்கள்

கண்டி தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறும் உடவத்தகெலே காடு, அரசர் காலத்தில் சாதாரண சனம் கால் வைக்க முடியாத இடம். 1938இல் சரணாலயமானது. உள்ளே போக டிக்கெட் எடுக்க வேண்டும். லேடி ஹோர்ட்டன் பாதை ஓடத் தோதானது. ஆனால் மழை பெய்த மறுநாள் இரத்தம் உறிஞ்சும் அட்டை சும்மா விடாது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களின் வழிதான் இதற்கும் கைகொடுக்கும்: காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டு, அதன் மேல் ஈரச் சவுக்காரத்தைத் தாராளமாகத் தேயுங்கள். ஓடை கடந்தால் கழுவிப் போய்விடும், ஒரு சின்னச் சவுக்காரத் துண்டு பையில் இருக்கட்டும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், நெருப்பும் வேண்டாம். மெலிந்த முனைதான் வாய். அங்கே நகத்தை வைத்து, தோலோடு ஒட்டித் தள்ளினால் கழன்றுவிடும். பிறகு மற்ற முனை. அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் கசியும். பயப்படாமல் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

செங்கண்ட முனிவர் வாழ்ந்ததாகச் சொல்லும் குகைப் பக்கம் நடந்தே போங்கள். பாசி பிடித்த கல்லில் எவ்வளவு விலையான சப்பாத்தும் வழுக்கும். பிஸ்கட்டைக் கையில் வைத்திருந்தால், அது குரங்குக்குத்தான்.