நாஸ் பெட்டியில் டிஸ்க் சாகப்போகிறதா? கழற்றுவதற்கு முன் காப்பி எடுங்கள்

கும்பகோணத்தில் கல்யாணப் போட்டோ எடுப்பது என் தொழில். எடுத்த படமெல்லாம் வீட்டில் இருக்கும் நாஸ் பெட்டியில்தான் இருக்கும். நாஸ் என்பது ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டி வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி. 4 டிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு 1. அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும். கல்யாணம் முடிந்து பல வருஷம் கழித்து யாராவது வந்து நிற்பார்கள்: "தம்பி, அப்பா தவறிட்டாரு. அன்னைக்கு அவர் சிரிச்ச மாதிரி ஒரு படம் இருந்துச்சே, கிடைக்குமா?" அவர்களிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டி பீப் அடித்ததும் பெரும்பாலானோர் புது டிஸ்க் ஆர்டர் போட்டு, வந்த கையோடு பழையதை உருவிவிடுகிறார்கள். வேண்டாம். முதல் வேலை காப்பி. ரெய்டு 1-ல் ஒரு டிஸ்க்கை மாற்றினால், மிச்சமிருப்பதை முதல் செக்டாரிலிருந்து (டேட்டா பதியும் சிறு கட்டம்) கடைசி வரை படித்துத்தான் புதியதில் எழுதும். இதுதான் ரீபில்ட். நொடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்தாலும் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம் ஆகும். இடையில் பெட்டியைப் பயன்படுத்தினால் இன்னும் இழுக்கும். அந்த மிச்ச டிஸ்க்கும் பெரும்பாலும் அதே நாளில் வாங்கி, அதே சூட்டில் அதே அளவு ஓடியதாகத்தான் இருக்கும். அது நடுவழியில் படுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள்: படங்கள், பத்திர ஸ்கேன்கள், கணக்கு. சினிமா கடைசியில் போகட்டும். 'கட்' செய்து ஒட்டாதீர்கள், 'காப்பி' மட்டும் போதும். முடிந்ததும் அங்கங்கே நாலைந்து ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அதுவரை எக்ஸ்டெண்டட் டெஸ்ட் (டிஸ்க்கின் நீண்ட சுயசோதனை), டேட்டா ஸ்க்ரப்பிங் (பதிந்த டேட்டா சரியாக இருக்கிறதா என்று பெட்டி சரிபார்ப்பது) எதையும் ஓட்டாதீர்கள். இரண்டுமே டிஸ்க்கை நீண்ட நேரம் விடாமல் படிக்கும். தள்ளாடும் டிஸ்க்குக்கு அது வீண் சுமை.

காப்பி பத்திரமானதும், என்ன கோளாறு என்று பாருங்கள். சினாலஜி கம்பெனிப் பெட்டி என்றால் ஸ்டோரேஜ் மேனேஜரில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல், வரும். மற்ற பெட்டிகளிலும் இதுபோல ஓர் இடம் இருக்கும். பட்டியல் நீளமாக இருக்கும், நான் பார்ப்பது நான்கே எண்கள். 5: பழுதாகி, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள். 197: படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. 198: சோதனையில் திருத்தவே முடியாமல் போனவை. இவற்றின் 'ரா' மதிப்பு (நேரடி எண்ணிக்கை) பூஜ்யமாக இருக்க வேண்டும். 5-ல் சிறிய எண் வந்து அப்படியே நின்றால் கண்காணிக்கலாம். வாராவாரம் ஏறினால் மாற்றியே தீர வேண்டும். 197 ஏறினால் நான் காத்திருப்பதில்லை.

நான்காவது, 199. இது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா போகும் வழியில் ஏற்படும் பிழை. இது மட்டும் ஏறி மற்றவை பூஜ்யமாக இருந்தால், பெட்டியை முறையாக ஷட்டவுன் செய்து டிரேயை (டிஸ்க் உட்காரும் தட்டு) வெளியே எடுத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். கேபிள் இருந்தால் மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, ஆனால் மேலே ஏறுவது நிற்கும். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் தப்பிக்கலாம்.

மாற்றுவது என்று முடிவானால் புதியது அதே அளவோ அதைவிடப் பெரியதோ இருக்க வேண்டும். துளி குறைந்தாலும் பெட்டி ஏற்காது. சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத) வகைதானா என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் ரீபில்ட் நாள் கணக்கில் இழுக்கலாம். நாஸுக்கு என்று விற்ற டிஸ்க்குகளிலும் எஸ்எம்ஆர் இருந்தது 2020-ல் தெரிய வந்தது. ஆகவே டிஸ்க் வரும் அட்டைப்பெட்டி மேல் 'நாஸ்' என்று போட்டிருப்பது மட்டும் போதாது.

உருவும்போது எது கெட்டது என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. 'டிஸ்க் 1' என்பது இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஊகிக்காதீர்கள். திரையில் தெரியும் சீரியல் நம்பரைத் தாளில் எழுதி, டிஸ்க்கின் லேபிளோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். என் டிரேக்களில் சீரியலின் கடைசி நான்கு எழுத்தை டேப்பில் எழுதி முன்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஓடும்போதே மாற்ற வசதி இல்லாத பெட்டி என்றால் ஷட்டவுன் செய்துதான் மாற்ற வேண்டும்.

புதியதைச் செருகியதும் 'ரிப்பேர்' கொடுங்கள். மறுநாள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும், நாள் முழுக்கத் தாங்காது. ரீபில்ட் முடியும்வரை அந்தப் பெட்டியில் எடிட்டிங் செய்யாதீர்கள். முடிந்த பிறகு, உங்கள் பெட்டியில் ஸ்க்ரப்பிங் வசதி இருந்தால் ஒதுக்கி வைத்த அதை ஓட்டி, மாதம் ஒருமுறை தானாக ஓடும்படி வையுங்கள். யூஎஸ்பி காப்பியை அழித்துவிடாமல் வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது.

கழற்றிய டிஸ்க்குக்கு வாரண்டி பாக்கியிருக்கலாம். நாஸ் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 3 வருஷம் தருகிறார்கள், சில உயர்வகைகளுக்கு 5. ஆனால் ரெய்டு 1-ல் இருந்து வந்த அந்த ஒற்றை டிஸ்க்கில் உங்கள் படங்கள் முழுசாக இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். அனுப்பும் முன் கம்ப்யூட்டரில் மாட்டி முழுக்கப் பூஜ்யங்களால் எழுதி அழியுங்கள். அழிக்க முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால், நான் வாரண்டியை விட்டுவிட்டு டிஸ்க்கில் துளை போட்டுவிடுவேன். அதில் இருப்பவை பிறர் வீட்டுப் படங்கள்.