ஆங்கிலத்தில் நேரேட்டிவ் எஸ்ஸே: முதல் கட்டுரையை எழுதும் முறை

நடந்த ஒரு சம்பவத்தைக் கதைபோலச் சொல்வதுதான் நேரேட்டிவ் எஸ்ஸே. புதிதாக எழுதுபவர்கள் பலரும் 400 சொற்களுக்குள் ஒரு நாள் முழுவதையும் அடைக்கப் பார்க்கிறார்கள். எழுந்தது, குளித்தது, கிளம்பியது என்றே பாதிப் பக்கம் போய்விடும். முக்கியமான கட்டத்துக்கு இரண்டு வரிதான் மிஞ்சும்.

ஆகவே முதல் வேலை, சம்பவத்தைச் சுருக்குவது. ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்த ஒன்றை எடுங்கள். 'மறக்க முடியாத பயணம்' என்று தலைப்பு தந்தால் முழுப் பயணமும் வேண்டாம். ரயில் வரப்போகிறது, டிக்கெட்டைக் காணோம் - இது போதும்.

அடுத்து, நான்கு குறிப்புகள்: கதையின் மைய ஆளுக்கு என்ன தேவை, எது தடுத்தது, எந்த இடத்தில் நிலைமை மாறியது, கடைசியில் என்ன ஆனது. இதைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளலாம். ஆனால் முழுக் கட்டுரையையும் தமிழில் எழுதி மொழிபெயர்க்காதீர்கள். வாக்கிய அமைப்பு சிக்கலாகிவிடும். 400 சொல் கட்டுரை என்றால் தொடக்கத்துக்கு 60, சிக்கலுக்கு 110, திருப்பத்துக்கு 160, முடிவுக்கு 70 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இனி வினைச்சொல்லின் காலம் (டென்ஸ்). இங்கேதான் மதிப்பெண் அதிகம் போகிறது. கதை நகரும் வினைகள் எல்லாம் சிம்பிள் பாஸ்ட் ('லெஃப்ட்' போல). பின்னணியில் நடந்துகொண்டிருந்ததற்கு பாஸ்ட் கன்டினியுவஸ் ('வாஸ் வெயிட்டிங்' போல). அதற்கும் முன்பே முடிந்துபோனதற்கு மட்டும் 'ஹேட்'. 'வென் ஐ ரீச்ட் தி பிளாட்ஃபார்ம், தி ட்ரெயின் லெஃப்ட்' என்றால் நீங்கள் போய்ச் சேர்ந்ததும் ரயில் கிளம்பியது. 'ஹேட் லெஃப்ட்' என்றால் நீங்கள் வருமுன்பே போய்விட்டது. கதையே மாறிவிடுகிறது, பாருங்கள். கடந்த காலம் என்பதற்காக எல்லா வினைக்கும் 'ஹேட்' சேர்ப்பது தவறு.

திருப்பம் வரும் பத்தியில் அவசரம் வேண்டாம். 'ஐ வாஸ் வெரி நெர்வஸ்' என்ற வரி வாசகருக்கு எதையும் காட்டாது. 'மை ஃபிங்கர்ஸ் குட் நாட் ஃபைண்ட் தி ஜிப்' என்று எழுதிப் பாருங்கள். பதற்றம் தானாகத் தெரியும். 'சடன்லி' என்ற சொல்லைக் கட்டுரைக்கு ஒரு முறைக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது.

உரையாடல் இரண்டு மூன்று வரி போதும். பேசுபவர் மாறினால் புதிய பத்தி. பேச்சுக்குப் பின் 'ஷீ ஸெட்' வந்தால், காற்புள்ளி மேற்கோள் குறிக்கு உள்ளே வர வேண்டும். 'ஸெட் தட்' என்று அயற்கூற்றில் எழுதினால் மேற்கோள் குறியே கூடாது.

எழுதி முடித்ததும் எல்லா வினைச்சொற்களையும் அடிக்கோடிடுங்கள். உரையாடலுக்கு வெளியே நிகழ்காலம் தென்பட்டால் திருத்துங்கள். பிறகு முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். கதை புரிகிறது என்றால், முதல் பத்தியைத் தயங்காமல் வெட்டிவிடலாம்; மிச்சமாகும் 60 சொற்களைத் திருப்பத்துக்குக் கொடுங்கள்.