ஆங்கிலத்தில் 'வெஸ்ட்' எழுதும் முறை

அம்பையில் டியூஷன் எடுக்கும் எனக்கு மேற்கு என்றால் பொதிகைதான். உதாரணங்களும் அந்தப் பக்கத்திலிருந்தே.

முதலில் 'இன்', 'டு' இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். பாபநாசம் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே மேற்கே இருக்கிறது: 'இன் த வெஸ்ட் ஆஃப்'. கேரளம் மாவட்ட எல்லையைத் தாண்டி: 'டு த வெஸ்ட் ஆஃப்'. உள்ளேயா வெளியேயா என்று பார்த்தால் போதும், பிள்ளைகள் இங்கேதான் மார்க்கை விடுகிறார்கள். போவதைச் சொல்ல வெறும் 'கோ வெஸ்ட்'. நடுவில் 'டு' வேண்டாம்.

காற்று வந்தால்தான் வம்பு. 'வெஸ்ட் விண்ட்' மேற்கிலிருந்து வருகிற காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலச் சாரலைத் தள்ளிக்கொண்டு வருகிறதே, அந்தப் பக்கத்துக் காற்று. 'வெஸ்ட்வர்ட்' இதற்கு நேர் எதிர், மேற்கு நோக்கி. 'வெஸ்டர்லி' இரண்டு பக்கமும் பேசும்: 'விண்ட்' சேர்ந்தால் மேற்கிலிருந்து, 'டைரக்‌ஷன்' சேர்ந்தால் மேற்கு நோக்கி.

அப்புறம், வெறும் திசைக்குச் சின்ன எழுத்து. 'வெஸ்டர்ன் காட்ஸ்' மாதிரிப் பெயருக்கும், ஐரோப்பா, அமெரிக்காவைச் சேர்த்துச் சொல்லும் 'த வெஸ்ட்'டுக்கும் பெரிய எழுத்து.

பழைய பிரிட்டிஷ் பேச்சில் 'கான் வெஸ்ட்' என்றால் ஆள் செத்துப்போனார் என்று அர்த்தம். மாமா மேற்கே கேரளத்துப் புனலூர் போயிருந்தால் ஊர்ப் பெயரையே சொல்லிவிடுங்கள்.