கீ சிக்னேச்சரைக் கொண்டு மேஜரையும் மைனரையும் இனங்காண்பது எப்படி?

ஐந்து கோடுகளின் மீது இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் கிளெஃப் குறியை அடுத்து வரிசையாக இடப்பட்டிருக்கும் ஷார்ப் (ஸ்வரத்தை அரைப்படி உயர்த்துவது) அல்லது ஃபிளாட் (அரைப்படி தாழ்த்துவது) குறிகளே கீ சிக்னேச்சர் எனப்படுகின்றன. அங்கே எந்த ஸ்வரத்துக்குக் குறி இருக்கிறதோ, அந்த ஸ்வரம் எந்த ஸ்தாயியில் வந்தாலும் அந்த மாற்றத்துடனேயே வாசிக்கப்பட வேண்டும். ஆனால் இசை எந்த ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) அமைந்தது என்பதைக் கீ சிக்னேச்சர் மட்டுமே முடிவாகச் சொல்லிவிடாது. ஒரு மேஜர், ஒரு மைனர் என இரண்டு விடைகளைத் தந்துவிட்டு, அவற்றுள் எது என்பதை வாசிப்பவரின் கணிப்புக்கு விட்டுவிடுகிறது.

இந்தக் குறிகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதை பியானோவில் எளிதாகப் பார்க்கலாம். அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு, அவை கறுப்பானாலும் வெள்ளையானாலும், இடையிலுள்ள தூரம் ஒரு செமிடோன், அதாவது அரைப்படி. இரண்டு செமிடோன் சேர்ந்தது ஒரு டோன். மேஜர் ஸ்கேல் என்பது டோன், டோன், செமிடோன், டோன், டோன், டோன், செமிடோன் என்னும் அமைப்பு. சி முதல் அடுத்த சி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் இந்த அமைப்பு தானாகவே கிடைத்துவிடுகிறது. ஜி ஸ்வரத்திலிருந்து தொடங்கினால், ஈ, எஃப் ஆகியவற்றுக்கு நடுவே டோன் வேண்டிய இடத்தில் செமிடோன்தான் இருக்கும். எஃப்பை ஷார்ப் ஆக்கினால் அக்குறை தீர்கிறது. ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப் வந்த கதை இதுதான்.

ஷார்ப்கள் எப்போதும் எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி என்ற வரிசையிலேயே சேர்கின்றன. ஃபிளாட்கள் அதை அப்படியே தலைகீழாக்கி பி, ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப் என்று சேர்கின்றன. இந்த ஒரு வரிசையை மனப்பாடம் செய்தால் போதும், மேஜரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஷார்ப்கள் இருந்தால் கடைசி ஷார்ப்புக்கு ஒரு செமிடோன் மேலே இருப்பதே மேஜரின் ஆதார ஸ்வரம்: மூன்று ஷார்ப் என்றால் கடைசியானது ஜி ஷார்ப், எனவே ஏ மேஜர். ஃபிளாட்கள் இருந்தால் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்டின் பெயரே விடை: பி, ஈ, ஏ என மூன்று இருந்தால் ஈ ஃபிளாட் மேஜர். ஒரே ஒரு ஃபிளாட் இருந்தால் முந்தையது என்று ஒன்று இல்லாததால், அது எஃப் மேஜர் என்பதைத் தனியாக நினைவில் கொள்ள வேண்டும். குறியே இல்லையென்றால் சி மேஜர்.

ஒவ்வொரு மேஜர் ஸ்கேலுக்கும் அதே ஸ்வரங்களைக் கொண்ட ஒரு மைனர் உண்டு. அதையே ரிலேட்டிவ் மைனர் என்கிறோம். மேஜரின் ஆறாவது ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்டால் அது கிடைக்கும். மேஜரின் ஆதார ஸ்வரத்திலிருந்து மூன்று செமிடோன் கீழே இறங்கினாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம். பலர் தடுமாறுவது பெயரிடுவதில்தான். ஏ ஸ்வரத்திலிருந்து மூன்று கட்டை இறங்கினால் வரும் கறுப்புக் கட்டையை எஃப் ஷார்ப் என்றும் சொல்லலாம், ஜி ஃபிளாட் என்றும் சொல்லலாம். ஆனால் எழுத்து வரிசையில் இரண்டு இடம் பின்னால் போக வேண்டும் என்பது விதி: ஏ, ஜி, எஃப். ஆகவே விடை எஃப் ஷார்ப் மைனர். இதே விதிப்படி டி ஃபிளாட் மேஜரின் ரிலேட்டிவ் மைனர் பி ஃபிளாட் மைனரே தவிர, ஏ ஷார்ப் மைனர் அன்று.

இனி, இரண்டில் எது என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டு ஷார்ப் உள்ள ஒரு தாளை எடுத்துக்கொண்டால், அது டி மேஜராகவோ பி மைனராகவோ இருக்கலாம். முதலில் கடைசி பாரில் (செங்குத்துக் கோடுகளுக்கு இடையிலுள்ள தாளப் பகுதியில்) பாஸ் ஸ்வரம், அதாவது எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் ஸ்வரம், எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தொடக்க ஸ்வரத்தை அவ்வளவாக நம்ப முடியாது. அடுத்து, ஏ ஷார்ப் அடிக்கடி தலைகாட்டுகிறதா என்று தேட வேண்டும். மைனரில் ஏழாவது ஸ்வரம் ஆதாரத்துக்கு ஒரு டோன் கீழே இருப்பதால், முடிவை நோக்கி இழுக்கும் வேகம் அதில் குறைவு. அதனால் அதை ஒரு செமிடோன் உயர்த்துவது வழக்கம். அந்த உயர்வு கீ சிக்னேச்சரில் இடம்பெறாது, பாருக்குள்ளேயே தனிக்குறியாக எழுதப்படும். ஒரே ஒரு முறை வந்தால் அது வெறும் அலங்காரமாக இருக்கலாம். பி ஸ்வரத்துக்கு முன்னால் திரும்பத் திரும்ப வந்தால் பி மைனர் என்று துணிந்து சொல்லலாம். மைனரில் அமைந்த இசை சில வேளைகளில் மேஜர் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) முடிவதும் உண்டு. அப்போதும் பாஸ் பி ஸ்வரத்திலேயே நிற்கும் என்பதால் குழம்பத் தேவையில்லை.

ரிலேட்டிவ் மைனரை, ஒரே ஆதார ஸ்வரத்தைக் கொண்ட பேரலல் மைனருடன் கலந்துவிடக் கூடாது. ஏ மேஜருக்கு மூன்று ஷார்ப், ஏ மைனருக்கு எதுவுமில்லை; சி மேஜருக்கு எதுவுமில்லை, சி மைனருக்கு மூன்று ஃபிளாட். வேறுபாடு ஃபிளாட் பக்கமாக எப்போதும் மூன்று படிதான்: டி மேஜரின் இரண்டு ஷார்ப்களும் நீங்கி ஒரு ஃபிளாட் சேர்ந்தால் டி மைனர்.