ஷாம்பு சரத்திலிருந்து தொடங்குங்கள்: மார்க்கெட்டிங் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தைப் பிரிவு, அதாவது வாங்குபவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்ப்பது, என்றதும் போர்டில் வயது, பாலினம், வருமானம் என்று மூன்று கட்டம் போட்டுவிடுகிறோம். முதல் தவறு இதுதான். மாணவர்கள் கட்டத்தை மனப்பாடம் செய்கிறார்கள். கட்டத்துக்குள் இருக்கும் ஆள் கண்ணில் படுவதே இல்லை.

பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பு சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் சின்னி கிருஷ்ணனின் குடும்பம் வெல்வெட் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். இந்தப் பாக்கெட்டை யார் வாங்குவார்கள் என்று கேட்டால், "ஏழைகள்" என்று வகுப்பே சொல்லும். சரி, ஒரு சாயங்காலம் அவர்களைக் கடை வாசலில் நிற்க வையுங்கள். அன்றைய கூலியோடு வருபவர் இரண்டு கிழித்துக் கேட்பார். ஹாஸ்டல் பையன் ஒன்று. வீட்டில் பெரிய பாட்டில் இருந்தும், ஊருக்குக் கிளம்பும் குடும்பம் நாலு வாங்கும். காசு எப்படிக் கைக்கு வருகிறது, பொருள் எப்போது தேவைப்படுகிறது என்பதுதான் இங்கே பிரிவு.

அடுத்த தவறு, பிராண்டின் இடம் (வாங்குபவர் மனதில் அது பிடிக்கும் இடம்) என்றால் விளம்பர வாசகம் என்று நினைக்க விடுவது. டாடா நானோ 2008-ல் டெல்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போகும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான வண்டி என்பதே யோசனை. ஆனால் மக்கள் மனதில் தங்கியது "மலிவான கார்". அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு ரத்தன் டாடாவே பின்னாளில் வருத்தப்பட்டார். 2018-ல் உற்பத்தி நின்றது. ஆனால் தோல்வி முழுவதையும் இந்த ஒரு காரணத்தில் ஏற்றிவிடாதீர்கள். மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சானந்துக்குத் தொழிற்சாலை மாறியது, சில வண்டிகள் தீப்பிடித்தது எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நுகர்வோர் உந்துதலுக்கு, அதாவது ஒருவரை வாங்கத் தூண்டுவது எது என்பதற்கு, மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோ பிரமிடைப் போட்டு முடித்துக்கொள்வதும் வழக்கம். உளவியலாளர் மாஸ்லோவின் 1943 கட்டுரையில் பிரமிடே கிடையாது. ஒரே செயலுக்குப் பின்னால் பல தேவைகள் சேர்ந்தே இருக்கும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். கார் வாங்குபவருக்கு மழையும் ஒரு காரணம், பக்கத்து வீட்டார் பார்வையும் ஒரு காரணம்.

"ஏன் வாங்கினீர்கள்?" என்று மாணவர்களை நேராகக் கேட்க விடாதீர்கள். வாங்கிய கதையைக் கேட்கச் சொல்லுங்கள். என் மாணவி ஒருத்தி அம்மாவிடம் கிரைண்டர் பற்றிக் கேட்டாள். முதலில் வந்த பதில், "விலை குறைவு." கடைக்கு யாரோடு போனீர்கள் என்று கேட்டபோது, "சித்தியோட. அவ வீட்ல இதேதான் வச்சிருக்கா."