வானுக்குள் படுத்தால் அவியுதா? காற்றோட்டத்தில் விடுகிற பிழைகள்

சித்திரை, வைகாசி மாதங்களில் யாழ்ப்பாணத்தில் நள்ளிரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 27 பாகை அளவிலேயே நிற்கும். காற்றில் ஈரமும் கூட. அந்த நேரத்தில் யன்னல் பூட்டிய வானுக்குள் இரண்டு பேர் படுத்தால், விடிவதற்குள் ஆளுக்குக் கால் லீற்றர் தண்ணீராவது மூச்சாலும் வேர்வையாலும் உள்ளிருக்கும் காற்றில் சேர்ந்துவிடும். அந்த ஈரம் வெளியேறாவிட்டால் வேர்வை காயாது. வேர்வை காயாமல் உடம்பு ஆறாது. ஹையேஸ் வானில் படுக்கை அடித்துக்கொண்டவர்கள் "ஃபான் பூட்டியும் அவியுது" என்று சொல்வது இதனால்தான். பிழை பெரும்பாலும் ஃபானில் இல்லை, காற்று உள்ளே வரும் வழியில் இருக்கிறது.

அதற்கு முன் உயிருக்கு ஆபத்தான பிழையைச் சொல்லிவிட வேண்டும்: ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு நித்திரை கொள்வது. புகைக்குழாயில் கறள் தின்ற சிறு ஓட்டை, பின்கதவு றப்பரில் ஒரு வெடிப்பு, வயர் இழுக்கத் துளைத்துவிட்டு அடைக்காத துவாரம், இவற்றில் ஒன்று இருந்தாலே எஞ்சின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே வந்துவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விழித்திருப்பவருக்குத் தலையிடி, குமட்டல் என்று ஏதாவது தெரியும். நித்திரையில் இருப்பவர் ஒன்றும் அறியாமலே மயங்கிப்போவார். பெற்றோலைவிட டீசல் எஞ்சின் இந்த வாயுவைக் குறைவாக விடுகிறது என்பது உண்மை. அதை நம்பி இரவு முழுவதும் ஓடவிடலாம் என்று நினைக்காதீர்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் வான்கள் ஒட்டி ஒட்டி நிற்கும். உங்கள் எஞ்சின் நின்றிருந்தாலும் பக்கத்து வானின் புகை உங்கள் யன்னலால் வரலாம். எஞ்சின் ஓடும் வானுக்குப் பக்கத்தில் படுக்காமல் இடத்தை மாற்றுங்கள். காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்றைத் தலைமாட்டு உயரத்தில் பூட்டுவது நல்லது. பூட்டிய வானுக்குள் காஸ் அடுப்பும் நுளம்புத்திரியும் கூடவே கூடாது.

இனி ஃபான். எல்லா யன்னலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு ஃபானைப் போடுவதுதான் அதிகம் பேர் விடும் பிழை. ஃபான் தனக்குக் கிட்ட இருக்கும் யன்னலால் காற்றை இழுத்து அப்படியே வெளியே தள்ளிவிடும். படுத்திருக்கும் பக்கத்தில் காற்று அசையாது. வெளியே இழுக்கும் ஃபான் கால்மாட்டுப் பக்கம் மேலே இருக்கட்டும், தலைமாட்டு யன்னல் மட்டும் திறந்திருக்கட்டும், மற்றவற்றைப் பூட்டிவிடுங்கள். சீற்றுக்குப் பின்னால் தொங்கும் தடித்த திரை நடுவில் மறித்தால் அதையும் ஒதுக்குங்கள். சரியா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கொளுத்தித் தலையணைக்கு மேலே பிடித்தால் புகை நேரே எழும்பாமல் கால் பக்கமாகச் சாய்ந்து ஓட வேண்டும். நேரே எழும்பினால் காற்று வேறு எங்கோ குறுக்கே போகிறது. பார்த்தவுடன் அணைத்துவிடுங்கள்.

உள்வழியின் அளவும் முக்கியம். 120 மில்லிமீற்றர் ஃபானின் வாய் ஏறக்குறைய 18 சதுர அங்குலம். நுளம்பு வலை காற்றை நன்றாகத் தடுப்பதால் உள்வழியை அதன் இரண்டு மடங்காக வைக்க வேண்டும். ஒன்றரை அடி உயரச் சறுக்கு யன்னலை 2 அங்குலம் திறந்தால் 36 சதுர அங்குலம் கிடைக்கும், கணக்குச் சரி. 14 அங்குலக் கூரை ஃபானுக்கு யன்னலை முழுதாகத் திறந்தாலும் தாராளம் என்று சொல்ல முடியாது. ஃபான் இரைகிறது, யன்னலில் காற்று வருவது தெரியவில்லை என்றால் உள்வழி சிறிது என்று அர்த்தம்.

நுளம்புக்குப் பயந்து யன்னலை அடைப்பதைவிட வலையைப் பெரிதாக்குங்கள். சறுக்குக் கதவு முழுவதையும் மூடும் ஒரே வலையாகத் தைத்து, ஓரத்தில் சிறு காந்தங்களை வைத்தால் தகரத்தோடு ஒட்டி நிற்கும். சதுர அங்குலத்துக்கு 156 கண் உள்ள படுக்கை வலைத்துணி நுளம்புக்குப் போதும். அதைவிட நெருக்கமான துணி காற்றைத்தான் மறிக்கும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில், ஏறக்குறைய வைகாசி நடுவிலிருந்து புரட்டாதி வரை, வானை நிறுத்தும் விதம் சரியென்றால் ஃபானே தேவைப்படாது. காற்று தென்மேற்கிலிருந்து வரும். சறுக்குக் கதவு இடப்பக்கம் என்பதால் வானின் மூக்கு வடமேற்கைப் பார்த்தால் காற்று நேரே கதவில் விழும். வலப்பக்கப் பின் யன்னலை முழுதாகத் திறந்துவிடுங்கள், வெளிவழி சிறிதானால் உள்வரவும் குறையும். காரைநகர் கசூரினா கடற்கரை வடக்கு நோக்கியது. கடலைப் பார்த்து நிறுத்திவிட்டுக் கடற்காற்றை எதிர்பார்க்காதீர்கள், இந்தப் பருவத்தில் காற்று தரைப்பக்கமிருந்துதான் வரும்.

தார் றோட்டிலும் கொங்கிறீற்றிலும் நிறுத்தினால் பகல் முழுக்கக் குடித்த சூட்டை அவை இரவில் வானின் அடித்தளத்துக்குக் கொடுக்கும். மண் தரை நல்லது. பின்னேரம் 3 மணிக்கே வேம்பு நிழலுக்குள் போய்விடுங்கள். பனைக்குக் கீழ் வேண்டாம், அதிலும் ஆடி, ஆவணியில் பழம் விழும். பொழுது பட்டதும் கதவுகளை அரை மணித்தியாலம் விரியத் திறந்துவைத்தால் மெத்தையில் ஏறிய சூடும் இறங்கும். ஒட்டுப்பலகைக்கு மேல் நேரே ஃபோம் மெத்தை போட்டால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். 2 அங்குல இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள்.

2 அம்பியர் இழுக்கும் ஃபான் 8 மணித்தியாலத்தில் 16 அம்பியர்-மணி எடுக்கும். நல்ல நிலையில் உள்ள 60 அம்பியர்-மணிப் பற்றறி அதைத் தாங்கும். அதோடு குளிர்ப்பெட்டியும் லைற்றும் சேர்ந்தால் விடிய வான் ஸ்ராட் ஆகாது. இரண்டாவது பற்றறி போடுங்கள், ஃபான் வயரில் பற்றறிக்குக் கிட்டவே 5 அம்பியர் பியூஸ் இருக்கட்டும்.

கள்ளருக்குப் பயந்து யன்னல் எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி ஒட்டிவிடுவதும் பிழை. தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும். ஒரு யன்னலாவது உள்ளிருந்து கையாலேயே திறந்து ஆள் இறங்கக்கூடியதாக இருக்கட்டும். வான் திறப்பை ஒவ்வோர் இரவும் ஒரே கொழுக்கியில் மாட்டிவைத்து, உள்ளே படுக்கும் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும், அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள்.