கழுவாத குழாய் தரும் ‘நெகட்டிவ்’

சென்ற வாரம் எங்கள் வெள்ளவத்தை ஆய்வுகூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஒருவர், கூம்ப்ஸ் பரிசோதனைக்காகச் செங்குழியங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். செங்குழியங்களில் பிறபொருளெதிரி (உடலின் நோயெதிர்ப்புப் புரதம்) ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. குழாயைச் சரித்து அவர் சேலைனை (கழுவும் உப்புநீரை) வெளியே ஊற்றிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஊற்றிய பிறகும் குழாயின் அடியில் ஒரு விரற்கடை நீர் நின்றது. பயிற்சிக் காலத்தில் என் கையும் அப்படித்தான் பாதியில் நின்றது. அதற்கு நான் கொடுத்த விலை இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஆய்வுகூடப் பயிற்சியில் இருக்கும் உங்களுக்காக, நோயெதிர்ப்புப் பரிசோதனைகளில் நடக்கும் சில தவறுகளை எழுதுகிறேன். பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டுவது போன்ற தவறுகளை உங்கள் ஆசிரியர்களே நூறு முறை சொல்லியிருப்பார்கள். அவற்றை இங்கே விடுகிறேன்.

ஐ.ஜி.ஈ. இருந்தால் ஒவ்வாமை என்று சொல்லிவிடுவது

ஓர் உணவுக்கான ஐ.ஜி.ஈ. (ஒவ்வாமையோடு தொடர்புள்ள பிறபொருளெதிரி வகை) குருதியில் இருந்தால், உடல் அந்த உணவை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். சாப்பிட்டால் தடிப்பு வருகிறதா, மூச்சு இறுகுகிறதா என்பதை நோயாளியின் வரலாறுதான் சொல்ல வேண்டும். வாரந்தோறும் இறால் குழம்பு சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு, அறிக்கையில் இறாலுக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு அதை அடியோடு நிறுத்திய தாய் ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டுத்தூசி உண்ணியிலும் இறாலிலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. ஆகவே உண்ணிக்கு எதிராக உருவான பிறபொருளெதிரி இறாலின் புரதத்திலும் ஒட்டக்கூடும். ஈரம் வற்றாத கொழும்பு வீடுகளில் தூசி உண்ணிக்குக் குறைவில்லை. அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது “டொக்டரிடம் காட்டாமல் எந்தச் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள், அம்மா” என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

உணவு ஐ.ஜி.ஜி. பட்டியல்

ஐ.ஜி.ஜி. இன்னொரு வகைப் பிறபொருளெதிரி. உணவுகளுக்கு எதிரான அதன் அளவுகளின் பட்டியல் ஒவ்வாமையைக் கண்டறிய உதவாது. உதவும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

அரைகுறையாகக் கழுவுவது

கூம்ப்ஸ் என்ற பெயரைப் பாடத்தில் இரண்டு இடங்களில் படித்திருப்பீர்கள். 1963இல் ஜெல் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அதிஉணர்திறனை (நோயெதிர்ப்பு உடலையே பாதிப்பதை) நான்கு வகைகளாகப் பிரித்தவரும், 1945இல் மூரன்ட், ரேஸ் ஆகியோருடன் இந்தப் பரிசோதனையை வெளியிட்டவரும் ஒருவரே. அவர் சொன்ன இரண்டாம் வகையில், பிறபொருளெதிரி நேரே கலத்தின் மேற்பரப்பில் ஒட்டி அதை அழிவுக்குக் காட்டிக்கொடுக்கிறது. றீசஸ் நெகட்டிவ் தாயின் ஐ.ஜி.ஜி. சூல்வித்தகத்தைக் கடந்துபோய்ச் சிசுவின் செங்குழியங்களில் ஒட்டுவது அப்படித்தான். ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு செங்குழியங்களை இழுத்து இணைக்கும் அளவுக்கு ஐ.ஜி.ஜி.க்கு நீளம் போதாது. ஐ.ஜி.ஜி.யைப் பிடிக்கும் பிறபொருளெதிரி கொண்ட கூம்ப்ஸ் சீரம் இடையில் பாலமாக நின்றால்தான் கலங்கள் திரளும்.

இங்கேதான் கழுவுதல் முக்கியமாகிறது. எதிலும் ஒட்டாமல் சீரத்தில் (குருதியின் தெளிந்த நீர்ப் பகுதியில்) மிதக்கும் ஐ.ஜி.ஜி. லீற்றருக்கு ஏறத்தாழ 10 கிராம். அதில் சிறிது குழாயில் தங்கினாலும் கூம்ப்ஸ் சீரம் முதலில் அதையே பிடித்துக்கொண்டு தீர்ந்துவிடும். கலங்களுக்கு எதுவும் மிஞ்சாது. கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 4 மில்லிலீற்றர் வரை சேலைன் நிரப்பி, ஊற்றிய பின் 0.1 மில்லிலீற்றர் மட்டுமே தங்கினால், மூன்று கழுவலில் சீரம் 64,000 மடங்கு ஐதாகும். 0.4 மில்லிலீற்றர் தங்கினால் வெறும் 1,000 மடங்கு. மூன்று முறை கழுவினேன் என்று இருவருமே சொல்வார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு சீரம் கூம்ப்ஸ் சீரத்தைக் கெடுக்கப் போதும்.

என் கதை இதுதான். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளை, கண்கள் மஞ்சள். நான் அவசரமாகக் கழுவினேன், திரள் தெரியவில்லை, நெகட்டிவ் என்று எழுதினேன். நெகட்டிவ் முடிவைச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டுக் கலங்கள் அன்று தீர்ந்திருந்தன. நாளைக்கு வரும் என்றார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். வைத்தியர்கள் என் எழுத்தை நம்பிக் கிருமித்தொற்றா, நொதியக் குறைபாடா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். இரவுப் பணிக்கு வந்த மூத்த அக்கா ஒருவர் அதே மாதிரியை எடுத்து முறையாகக் கழுவிச் செய்தார். குழாயின் அடியில் கலங்கள் ஒரே கட்டியாக நின்றன. அதற்குள் ஏழு மணித்தியாலம் போய்விட்டது. மஞ்சள் நிறமியான பிலிருபின் ஏறி, குருதிப் பரிமாற்றம் வரை போனது. பிள்ளை பிழைத்தது. அந்த ஏழு மணித்தியாலத்தை அந்தப் பிள்ளையிடமிருந்து எடுத்தது என் கை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சேலைனை வேகமாகப் பாய்ச்சிக் கலங்களை முழுவதும் கலக்குங்கள். மையநீக்கியில் சுழற்றி எடுத்ததும் குழாயை ஒரே வீச்சில் கவிழ்த்து, கவிழ்த்தபடியே விளிம்பைக் கடதாசியில் ஒற்றுங்கள். குழாயின் வாயை விரலால் மூடிக் குலுக்க வேண்டாம்; விரலிலும் புரதம் இருக்கிறது. கழுவலுக்குக் கழுவல் இடைவெளி விடாதீர்கள், வலுக்குறைவாக ஒட்டிய பிறபொருளெதிரி கழன்றுவிடும். கடைசிக் கழுவல் முடிந்த உடனே கூம்ப்ஸ் சீரம்; உடனே சுழற்றல்; உடனே வாசிப்பு.

நெகட்டிவ் வந்தால், ஐ.ஜி.ஜி. பூசிய கட்டுப்பாட்டுக் கலங்களை அதே குழாயில் இடுங்கள். அவை திரண்டால் கூம்ப்ஸ் சீரம் கெடாமல் இருந்திருக்கிறது. திரளாவிட்டால் உங்களிடம் முடிவே இல்லை, முதலிலிருந்து தொடங்குங்கள். நோயாளியின் சீரத்தை வேறு செங்குழியங்களுடன் சேர்த்துப் பார்க்கும் மறைமுகப் பரிசோதனையில், அந்தச் சீரத்தையே சேர்க்க மறந்திருந்தாலும் இந்தக் கலங்கள் அழகாகத் திரளும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பிழையை அவை காட்டிக்கொடுக்கமாட்டா. கலங்கள் தீர்ந்திருந்தால் நெகட்டிவ் என்று எழுத வேண்டாம், மாதிரியை வேறிடம் அனுப்புங்கள். கொழும்பில் இருக்கும் நமக்கு நாரஹேன்பிட்டி தேசிய குருதி மாற்றுச் சேவை எட்டாத தூரமில்லை.

குழாய்க்குப் பதிலாக ஜெல் (களி) நிரப்பிய அட்டையில் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கும். அங்கே கலங்கள் மட்டும் ஜெல்லுக்குள் இறங்குகின்றன, சீரம் மேலேயே நின்றுவிடுகிறது, கழுவத் தேவையில்லை. அட்டை தீர்ந்து குழாய்க்குத் திரும்பும் நாளில்தான் இந்தத் தவறு நடக்கிறது.

மன்டூ பரிசோதனை

காசநோய்க்கான இந்தத் தோல் பரிசோதனையை, ஊசி போட்டு 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் வாசியுங்கள். தடிப்பை அளக்க வேண்டும், சிவப்பை அல்ல.

ஆர்.எப். லேடெக்ஸ்

மூட்டுவாதக் காரணியை (ஆர்.எப்.) பார்க்கும் இந்தப் பரிசோதனையை 2 நிமிடத்தில் வாசியுங்கள். பிறகு திரள் போலத் தெரிவது காய்ந்த ஓரம்.

குளிர்ந்த பொதியைப் பிரிப்பது

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த எலைசா தட்டின் (பிறபொருளெதிரி போன்றவற்றை அளக்கும், குழிகள் கொண்ட தட்டு) பொதியை அறை வெப்பநிலைக்கு வரும்வரை பிரிக்காதீர்கள். நம் ஊர்க் காற்று பட்ட மாத்திரத்தில் குழிகளுக்குள் நீர் படிந்துவிடும்.